ஒரே ஊருக்கு ரெண்டு புத்தகம்

"பீரோ அடித்தட்டுல அந்த வாடாமல்லிப் பட்டு இருக்குது பாரு, அத இழு செங்கோடா," என்றாள் அக்கா பூவாத்தாள். செங்கோடன் இழுத்தார். புடவையோடு சேர்ந்து இரண்டு புத்தகங்களும் வந்து அவர் கால்விரலில் விழுந்தன.

"என்றா அது, ராமாயணமா?" என்று கேட்டாள். அவளுக்கு எழுத்துக் கூட்டவும் வராது.

செங்கோடன் குனிந்து எடுத்துப் பார்த்தார். இரண்டின் அட்டையிலும் சார்மினார். ஒன்று மெலிசு, பக்கத்துக்குப் பக்கம் கலர்ப் படம். இன்னொன்று தடி, நடுவில் நாலாக மடித்து வைத்த ஊர்ப்படம். இரண்டுமே ஐதராபாத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கான வழிகாட்டிப் புத்தகங்கள். கோட்டை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்த பஸ் பிடிக்கணும், எங்கே சாப்பிடலாம், எல்லாம் தமிழிலேயே போட்டிருந்தது.

"ஆமாக்கா, ராமாயணந்தான்," என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தலையணைக்கு அடியில் தள்ளினார். ஏன் பொய் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

வெளியே கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் பெண்டாட்டி கந்தம்மாள் படுத்திருந்தாள். காலையில் பாலை அடுப்பில் வைத்தவள், அது பொங்குவதற்குள் போய்விட்டாள். பால் வழிந்து கருகிய நாற்றம் வந்த பிறகுதான் செங்கோடன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். டாக்டர் வந்து, மாரடைப்பு, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் ஆனந்தகுமார் பந்தலுக்கும் வண்டிக்கும் ஆள் சொல்லிக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான்.

செங்கோடன் சந்தேகப் பிராணி என்பது ராசிபுரம் கடைவீதி முழுக்கத் தெரிந்த சங்கதி. நிலக்கடலை வாங்கினால் நாலை உடைத்துத் தின்று பார்க்காமல் வாங்க மாட்டார். மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், காப்பியில் சர்க்கரை குறைவாக இருக்கிறதே, பெண்ணின் அப்பனுக்குச் சர்க்கரை வியாதியோ, நாளைக்கு அது பெண்ணுக்கும் வருமோ என்று வாசலுக்கு வந்து முனகின மனுசன். ஆனால் பெண்டாட்டி மேல் மட்டும் அவர் சந்தேகப்பட்டதே கிடையாது. பெரிய மனசு என்று நினைத்துவிட வேண்டாம். சந்தேகப்படுகிற அளவுக்கு அவளைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு யோசித்தார்.

ஐதராபாத் அவருடைய ஊர். முப்பது வருஷமாக நூல் சேலை கொண்டுபோய்ப் போடுகிற ஊர். சார்மினாரை ஒட்டின துணிக்கடைத் தெருவில் அவரைத் தெரியாத முதலாளி கிடையாது. கல்யாணமான புதிதில் கந்தம்மாள், "என்னையும் ஒருக்கா கூட்டிட்டுப் போங்களே," என்பாள். "அங்க என்ன இருக்குது, கூட்டமும் புழுதியும்," என்பார் இவர். அடுத்த தடவையும் கேட்டாள், அதற்கடுத்த தடவையும் கேட்டாள். பிறகு கேட்பதில்லை. பெட்டியில் வேட்டியும் துண்டும் மடித்து வைத்துக் கொடுப்பாள், அதோடு சரி.

அப்படிப்பட்டவள் அந்த ஊருக்குப் புத்தகம் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறாள்! அந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் தெரிந்த புருசன் எதிரிலேயே உட்கார்ந்து சோறு தின்கிறான், அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவும் ஒன்றல்ல, ரெண்டு. ஒரு ஆளுக்கு எதற்கு ரெண்டு புத்தகம்? ஒன்று அவளுக்கு. இன்னொன்று ஆருக்கு?

நூலைப் பிடித்து இழுத்தால் பிரிவது போல ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக, கண்ணுக்குச் சொட்டு மருந்து என்று அடிக்கடி சேலத்துக்குப் பஸ் ஏறினாள். எந்தச் சொட்டு மருந்தையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. முழங்கால் வலி என்று சொல்லிக் கயிறு கட்டின ஷூ ஒன்று வாங்கினாள். ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே, "கித்னா, கஹாங்," என்று, எவ்வளவு, எங்கே என்பதை இந்தியில் வாய்க்குள் முணுமுணுத்தாள். டிவி பார்த்துக் கெட்டுப் போனாள் என்று நினைத்துக்கொண்டு இவர் இன்னொரு தோசை கேட்டார். மடையன், மடையன் என்று இப்போது தன்னையே வைதுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கட்டில் மேல் கிடந்த அவளுடைய செல்போன் அடித்தது. பேர் இல்லாத நம்பர். பூவாத்தாள் புடவையை எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தாள். செங்கோடன் எடுத்துக் காதில் வைத்தார், வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, நாந்தானுங்க," என்றது ஒரு ஆம்பளைக் குரல். "முடிவு பண்ணீட்டீங்களா?"

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அம்மா? கேக்குதுங்களா? நான் இன்னைக்கு ராசிபுரம் பக்கந்தான் வாரேனுங்க. நீங்க கேட்டது ஒண்ணு கெடைச்சிருக்குது."

யாராக இருந்தாலும், அம்மா செத்துப்போச்சுங்க என்று சொல்லியிருப்பார்கள். செங்கோடன் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தேன் தடவின குரலில், "நான் அவங்க ஊட்டுக்காரருங்க. நீங்க நேரா ஊட்டுக்கே வந்துருங்க. பட்டணம் ரோட்டுல தண்ணித் தொட்டிக்கு எதுத்த சந்து. அம்மா உங்களப் பாக்கோணும்ங்கறாங்க," என்றார்.

"ஐயாங்களா? சரிங்க, சரிங்க. மத்தியானத்துக்குள்ள வந்தர்றேனுங்க," என்றான் அவன். பதற்றமே இல்லாத குரல். கைதேர்ந்தவன் என்று செங்கோடன் முடிவு கட்டினார்.

அந்த மூஞ்சியைப் பார்த்துவிட வேண்டும். பெட்டிக்குள் அவள் கிடப்பதைப் பார்த்ததும் அது எப்படி மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். சுமங்கலியாகப் போகிறவளுக்குப் புருசன் கையால் கடைசிக் குங்குமம் வைப்பது வழக்கம். அந்த மூஞ்சியைப் பார்க்காமல் குங்குமத்தைத் தொடுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டார். அவள் வேறொருத்தனோடு போக இருந்தவள் என்றால், அந்த நெற்றி வெறுமையாகவே சுடுகாட்டுக்குப் போகட்டும்! நினைத்த மாத்திரத்தில் அவருக்கே அது கொடுமையாகப் பட்டது. நினைப்பு மட்டும் மாறவில்லை.

பந்தலில் போய் உட்கார்ந்தார். வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள், தோளைத் தட்டினார்கள். அவரோ ஒவ்வொரு ஆம்பளையாக எடை போட்டார். பால்காரன் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். இவனுக்கு என்ன இத்தனை அழுகை? எதிர்வீட்டு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் பெட்டியைப் பார்க்காமல் தரையையே பார்த்தார். ஏன், முகத்தைப் பார்க்கத் தெம்பில்லையோ? ரோசாப்பூ மாலை கொண்டுவந்த நெசவாளர் சொசைட்டி செகரெட்டரியை ரெண்டு தடவை கூப்பிட்டு, "உங்களுக்கு ஐதராபாத் பழக்கமுண்டுங்களா?" என்று கேட்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று அந்த மனுசன் நகர்ந்துகொண்டார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "கோடி வந்துட்டா எடுத்தரலாமுங்க," என்றார்கள் பெரியவர்கள். பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வந்து மேலே போர்த்தின பிறகுதான் பெண்ணை எடுப்பார்கள். கந்தம்மாளின் தம்பி மணிமாறன் வாழப்பாடியிலிருந்து வரவேண்டும். வழியில் பஸ் நின்றுபோகாதா, டயர் வெடிக்காதா என்று செங்கோடன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். வேண்டி வாயை மூடுவதற்குள் மணிமாறன் மொட்டைத் தலையில் வேர்வை வழிய, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா!" என்று அலறிக்கொண்டே சந்துக்குள் ஓடிவந்தான்.

இனி எதைச் சொல்லி நேரத்தை இழுப்பது? மணிமாறன் சேலையைப் பிரித்ததும் செங்கோடன் எழுந்தார். வாங்கி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நெருடினார்.

"பாவு நூலு பாலியஸ்டரு," என்றார்.

பந்தலே திரும்பிப் பார்த்தது.

"குறுக்கால ஓடற ஊடை மட்டுந்தான் பருத்தி. முந்தியில சாயம் வேற திட்டுத் திட்டா எறங்கியிருக்குது. ஏன் மாப்ள, சேலைக்காரன் ஊட்டுப் பொம்பளைக்கு இதுதான் கடைசிச் சேலையா? ஊரு சிரிக்காது?"

மணிமாறனின் முகம் செத்துப்போயிற்று. "மாமா, காலையில ஒரு கடையும் தெறக்கலீங்க. கதவத் தட்டித்தான் வாங்கியாந்தேன். எங்க அக்காளுக்கு நான் கொறை வெப்பேனுங்களா?"

"கடைவீதி இப்பத் தெறந்திருக்கும். போயி வேற எடுத்துட்டு வா."

ஆனந்தகுமார் ஓடிவந்து, "அப்பா, என்னங்கப்பா இது? எல்லாரும் காத்துட்டிருக்காங்க," என்று காதோரம் கெஞ்சினான். பூவாத்தாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "ஏண்டா, உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா? பொணத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு நூல் பாக்கற!" என்று கத்தினாள். மணிமாறன் சேலையை வாங்கிப் பைக்குள் வைத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைவீதிப் பக்கம் நடந்தான். அவன் முதுகைப் பார்க்கச் செங்கோடனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கண்ணோ சந்து முனையிலேயே இருந்தது.

அவன் வந்தான்.

ஓட்டை மொபெட். ஐம்பது தாண்டின, ஒல்லியான, கண்ணாடி போட்ட ஆள். தோளில் துணிப்பை. பந்தலையும் செருப்புக் குவியலையும் பார்த்து வண்டியை நிறுத்தி, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தண்ணித் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தான். பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்தான்.

செங்கோடன் இமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றினான். கூட்டத்தைப் பார்த்தான், மறுபடியும் பெட்டியைப் பார்த்தான். "அம்மா பாக்கோணும்னாங்கன்னு..." என்று பொதுவாக யாரிடமோ ஆரம்பித்தான். கண்ணில் நீர் கோத்துவிட்டது.

அழுகிறான்! செங்கோடன் பாய்ந்துபோய் அவன் கையைப் பற்றி, துக்கம் விசாரிக்க வந்தவரைக் கூட்டிப் போகிற பாவனையில், வீட்டுப் பக்கவாட்டில் துணி துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போனார்.

"ஆருய்யா நீ?"

"மருதாசலமுங்க. சேலத்துல புத்தகக் கடை. ஐயா, எப்பங்க ஆச்சு? நான் போன் பண்ணப்ப அம்மா..."

"அப்பவே போயிட்டா. உன்ற மூஞ்சியப் பாக்கத்தான் வரச் சொன்னேன்."

மருதாசலம் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் செங்கோடனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ரெண்டு புத்தகம் எதுக்கு? ஒண்ணு அவளுக்கு, இன்னொண்ணு ஆருக்கு? சொல்லு!"

"ரெண்டும் அம்மாவுக்குத்தானுங்க. எது தேவலைன்னு அவங்களால முடிவு பண்ண முடியலீங்க. ரெண்டையும் ஊட்டுக்குக் கொண்டுபோயிப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பித் தாரேன்னாங்க. புத்தகத்தையெல்லாம் அப்படிக் குடுக்கறதில்லீங்கம்மான்னேன். 'எங்க ஊட்டு வியாபாரமே அப்படித்தானுங்க, ரெண்டு சேலை குடுத்தனுப்புவோம், புடிச்சத வெச்சுக்கிட்டு மத்ததத் திருப்பிக் குடுப்பாங்க'ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. குடுத்துட்டேன்."

செங்கோடன் கல்லின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். செலக்சனுக்குச் சேலை அனுப்பியே வீடு கட்டின ஆள் அவர். ரெண்டு சேலை போன வீட்டில் கட்டுகிறவளும் ரெண்டு பேர் என்று அவர் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் விடுமா? "சரி. ஆரு கூடப் போறதா இருந்தா?"

"ஆரு கூடவும் இல்லீங்க."

"பொய் சொல்லாத."

"எழவு ஊட்டுல நின்னுக்கிட்டுப் பொய் சொல்லுவனுங்களா? அதானுங்க சிக்கலே. ஒரு புத்தகத்துல குடும்பத்தோட போறவங்களுக்குத் தோதா எழுதியிருந்துச்சு. இன்னொண்ணுல கூட்டமா டூர் போறவங்களுக்கு. 'ஏனுங்க, ஒரு பொம்பள தனியாப் போனா எங்க தங்கறது, எந்த ஓட்டல்ல ஒக்காந்தா ஒருத்தரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க, அதையெல்லாம் எழுதின புத்தகம் இல்லீங்களா'ன்னு கேட்டாங்க. அதுக்கோசரம் நாலஞ்சு தடவ வந்தாங்க. தேடிட்டே இருந்தேன். இதுல கொஞ்சம் எழுதியிருக்குதுன்னு எடுத்தாந்தேன்." துணிப்பையிலிருந்து மூன்றாவதாக ஒரு புத்தகத்தை எடுத்தவர், எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

செங்கோடன் அந்த முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தார். எதிராளி பொய் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தே பிழைத்தவர் அவர். எதுவும் அகப்படவில்லை. ஒரு ஆள் இருந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு அப்போது தோன்றியது. இருந்திருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கலாம், உன்னைவிட நான் எதிலய்யா கொறஞ்சு போனேன் என்று கேட்கலாம். அப்படி ஒருத்தனும் இல்லை. புருசனை விட்டுவிட்டு அவள் வேறு யாரையும் தேடவில்லை. சும்மா விட்டுவிட்டுத்தான் போக இருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"என்னையப் பத்தி ஒண்ணும் சொல்லலியா?" குரல் இறங்கிப்போயிருந்தது.

மருதாசலம் தயங்கினார். "கோல்கொண்டாக் கோட்டையப் பத்தி ஒருநாள் பேசிட்டிருந்தோமுங்க. கீழ வாசல்ல நின்னு கை தட்டினா மலை உச்சியில கேக்கும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு. அதப் படிச்சுட்டு, நெசமாங்களான்னு கேட்டாங்க. எனக்கென்னங்க தெரியும், நான் சேலத்தத் தாண்டினதில்ல. உங்க ஊட்டுக்காரரு வருசம் பூரா அங்கதான போறாரு, அவரக் கேளுங்களேன்னேன்."

"அதுக்கு?"

"'அவரு மார்க்கெட்டுக்குத்தானுங்க போறாரு, அந்த ஊருக்கு இன்னும் போகல'ன்னாங்க."

பந்தலில் யாரோ புதிதாக வந்து சேர்ந்ததில் ஒப்பாரி ஒருமுறை ஓங்கி அடங்கியது.

"கோவமாச் சொன்னாளா?"

"இல்லீங்க, சிரிச்சுக்கிட்டேதான். தனியாப் போனா கீழ நின்னு ஆருங்கம்மா கை தட்டுவாங்கன்னு நானும் வெளையாட்டாக் கேட்டேன். 'ஊருல சனமா இல்ல, ஆராச்சும் தட்டுவாங்க, நான் மேல நின்னு கேட்டுக்கறேன்'னாங்க." மருதாசலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நெசமாலுமே அவ்வளவு தூரம் கேக்குங்களாய்யா?"

செங்கோடன் வாயைத் திறந்தார். முப்பது வருஷம். ரயிலில் எத்தனை தடவை போயிருப்பார், எத்தனை லாட்ஜில் படுத்திருப்பார்! அந்தக் கோட்டை ஊருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

"தெரியலீங்களே," என்றார்.

மருதாசலம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அந்த ரெண்டு புத்தகமும் இருக்கட்டுமுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு, மூன்றாவதைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பந்தலின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மணிமாறன் வேறு சேலையோடு வந்துவிட்டான். அரக்குப் பட்டு. ஓடிவந்ததில் இரைத்தது. விரித்துக் காட்டி, "இதப் பாருங்க மாமா," என்று நீட்டினான். செங்கோடன் பார்க்கவில்லை. அவன் கையைச் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"மொதல்ல கொண்டாந்ததே நல்ல சேலைதான் மாப்ள. நாந்தான் கண்ணு தெரியாமப் பேசிட்டேன். ரெண்டையும் போத்து."

மணிமாறன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கி அழுதபடி இரண்டையும் அக்காளுக்குப் போர்த்தினான்.

பூவாத்தாள் குங்குமச் சிமிழை நீட்டினாள். செங்கோடன் மோதிர விரலால் தொட்டு எடுத்தார். கை பாதியிலேயே நின்றது. காலையிலிருந்து, இதை வாங்கிக்கொள்ள அவளுக்கு யோக்கியதை உண்டா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மனுசன், இப்போது அதை வைக்க நமக்கு யோக்கியதை உண்டா என்று தெரியாமல் நின்றார். மஞ்சள் பூசின அந்த முகத்தை இவ்வளவு கிட்டத்தில் வைத்துப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்றும் தெரியவில்லை. புருவத்துக்கு மேல் சின்னதாக ஒரு தழும்பு இருந்தது. அது எப்போது, எப்படி வந்தது என்று கேட்கக்கூட அவருக்கு யாருமில்லை.

"வைய்யி சாமி, நேரமாச்சு," என்று பூவாத்தாள் அவர் கையைப் பிடித்து வைக்க வைத்தாள்.

மேளம் முழங்க, கோவிந்தா போட்டுக்கொண்டு எடுத்தார்கள். சந்து முனையில் சவ வண்டி நின்றது. உள்ளே இரண்டு பக்கமும் உட்கார்ந்து போகப் பலகை போட்டிருந்தது. கந்தம்மாளை நடுவில் வைத்து மாலையைச் சரி செய்தார்கள். ஆனந்தகுமார் தீச்சட்டியோடு முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறினான்.

"அப்பா, நீங்க அம்மா கூடப் பின்னால ஒக்காந்துக்குங்க," என்றான்.

செங்கோடன் படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

"நீங்க போங்க. நான் பின்னால வாரேன்."

"வெயிலு கொளுத்துதுங்கப்பா. அவ்வளவு தூரம் எப்படி நடப்பீங்க? ஏறுங்க."

"நடந்தர்றேன் சாமி. அவ தனியாப் போகட்டும்."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், காலையிலிருந்து இந்த ஆள் நடந்துகொண்ட லட்சணத்தைப் பார்த்து விலகிக்கொண்டார்கள். வேறு யாரும் பின்னால் ஏறவில்லை. கதவைச் சாத்தினார்கள், வண்டி நகர்ந்தது. செங்கோடன் செருப்பில்லாமல், தார் ரோட்டின் ஓரமாக, பொரியும் பூவும் கிடந்த வழியில் நடந்தார். மேளக்காரர்களும் மற்றவர்களும் அவரைத் தாண்டிப் போனார்கள்.

பஸ் ஸ்டாண்டுத் திருப்பத்தில், அவர் வந்து சேரட்டும் என்று டிரைவர் வண்டியை நிறுத்தினான். செங்கோடன் தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, போ, போ என்று ஆட்டினார்.